கோர்ஸ் ஒன்று போதும், கெடு இருக்கட்டும்

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு வணக்கம்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இரண்டாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகன் ஏழெட்டு இலவச ஆன்லைன் கோர்ஸில் சேர்ந்து ஒன்றையும் முடிக்கவில்லை, போன் செய்து வேலை நிச்சயம் என்று சொல்லும் தனியார் பயிற்சி மையத்தில் கடன் வாங்கியாவது சேர்த்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் அம்மா. நகையை அடகு வைக்க அவசரப்படாதீர்கள்.

பாதியில் விடுவது அவனிடம் மட்டும் உள்ள குறை இல்லை. 2012-ல் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகம் இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்ட மின்சுற்றுப் பாடத்துக்குச் சுமார் 1,55,000 பேர் பதிவு செய்தார்கள். தேறிச் சான்றிதழ் வாங்கியவர்கள் 7,157 பேர்தான். காசு கட்டவில்லை, ஏன் வரவில்லை என்று கேட்க ஆளும் இல்லை. இப்படிப்பட்ட படிப்பில் சேருவது சுலபம், வாராவாரம் உட்காருவதுதான் கஷ்டம்.

அதனால் கெடு உள்ள படிப்பாகப் பார்த்து ஒன்றே ஒன்றில் சேரச் சொல்லுங்கள். ஐ.ஐ.டி.களும் பெங்களூரு ஐ.ஐ.எஸ்சி.யும் 2003-ல் தொடங்கிய என்.பி.டி.இ.எல். என்ற திட்டத்தின் ஆன்லைன் பாடங்கள் இப்போது மத்திய அரசின் ஸ்வயம் தளத்தில் கிடைக்கின்றன. சேரவும் வீடியோ பார்க்கவும் கட்டணம் கிடையாது. வாரம் ஒரு அசைன்மென்ட் வரும். கெடு தாண்டினால் அந்த மதிப்பெண் போனதுதான். சான்றிதழ் வேண்டும் என்றால் மட்டும் 1,000 ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். பெரும்பாலான பாடங்களில் அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. நேரில் எழுதுவதால்தான் அந்தச் சான்றிதழை நான் மதிக்கிறேன். வீடியோவை ஓடவிட்டு வாங்கும் சான்றிதழ் வேறு ரகம்.

சென்னை கணிதவியல் நிறுவனப் பேராசிரியர் மாதவன் முகுந்த் நடத்தும் 8 வாரப் பைதான் (புரோகிராம் எழுதும் மொழி) பாடம் அவனுக்குப் பொருந்தும். முன்பே புரோகிராமிங் தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் அதற்கு இல்லை. ஆனால் மொபைலில் பார்த்துக்கொண்டே தலையாட்டினால் புரோகிராம் வராது. வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால், மாலையில் கல்லூரி லேபில் ஒரு மணி நேரம் உட்கார அனுமதி கேட்கட்டும். ஆங்கில விரிவுரை புரியாவிட்டால் வீடியோவை நிறுத்தி நிறுத்தி, அந்த விரிவுரையின் எழுத்து வடிவத்தையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கலாம். முதல் இரண்டு வாரம் சிரமமாகத்தான் இருக்கும், அதற்குள் விட்டுவிட வேண்டாம்.

சேருமுன் துறைத் தலைவரை ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள். ஒரு செமஸ்டரின் பாடங்களில் 40 சதவீதம் வரை ஸ்வயம் பாடங்களை ஏற்க பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2021 விதிமுறை இடம் தருகிறது. அவன் கல்லூரி எதை ஏற்கும் என்பதை அங்கேதான் கேட்க வேண்டும்.

நேர்முகத் தேர்வில் சான்றிதழ்களை எண்ணிப் பார்க்கமாட்டார்கள் அம்மா. 'நீயே எழுதிய புரோகிராம் ஒன்றைக் காட்டு' என்பார்கள். படிப்பு முடிவதற்குள் சின்னதாக ஒன்றைச் செய்து வைக்கட்டும், உங்கள் தெரு மளிகைக் கடையின் கடன் நோட்டுக் கணக்காக இருந்தாலும் போதும்.

அந்தப் பயிற்சி மையம் மறுபடி போன் செய்தால், வேலை உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள். வேலை கிடைக்காவிட்டால் எத்தனை நாளில் பணம் திரும்பும் என்பதும் அதில் இருக்கட்டும். தர மறுத்தால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள்.