ஒரு பையன், ஐந்து பெயர்: கனடா வேலை அனுமதிக்கு அனுப்பும் முன்

அன்புள்ள அம்மா,

செவ்வாய்க்கிழமை மகனையும் கூட்டிக்கொண்டு வந்து, பையில் இருந்ததை எல்லாம் என் மேசையில் பரப்பினீர்கள். "எல்லாம் இருக்கு சேர், இனி அனுப்பினால் சரிதானே?" என்று கேட்டீர்கள். அன்றைக்கு வெளியே ஆட்கள் காத்திருந்ததால் ஆறுதலாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். இலங்கையின் கிழக்கில் கல்லடியில் இருந்து பொத்துவில் வரைக்கும் இதே கவலையோடு இருக்கிற தாய் தகப்பன்மாருக்கும் உதவும் என்று பொதுவில் போடுகிறேன். உங்கள் பெயரோ மகனின் பெயரோ இதில் வராது.

உங்களிடம் கடதாசி குறைவில்லை. ஆனால் அவற்றை ஒன்றின் பக்கத்தில் ஒன்றாக வைத்துப் பார்த்தபோது எனக்கு ஐந்து பையன்கள் தெரிந்தார்கள். பிறப்பு அத்தாட்சியின் ஆங்கில மொழிபெயர்ப்பில் தகப்பனின் பெயரில் வரும் 'ராசா'வுக்கு 'எஸ்' போட்டிருக்கிறது, கடவுச்சீட்டில் 'ஜே'. ஓஎல் சான்றிதழில் முதலெழுத்தோடு பெயர். தொழில்நுட்பக் கல்லூரிச் சான்றிதழில் தகப்பனின் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. பட்டறை முதலாளி கொடுத்த கடிதத்திலோ வீட்டில் கூப்பிடுகிற செல்லப் பெயர். நமக்கு இது ஒரே பிள்ளை என்று தெரியும். கனடாவில் இந்த பைலைத் திறக்கிற அலுவலர் தம்பியின் (உங்கள் மகனின்) முகத்தைப் பார்க்கப் போவதில்லை. கடதாசிகள் ஒன்றுக்கொன்று சாட்சி சொன்னால்தான் அவர் நம்புவார்.

எங்கள் ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. தகப்பனின் பெயரை முன்னுக்குப் போட்டுத்தான் எழுதுகிறோம். வெளிநாட்டுப் படிவத்தில் குடும்பப் பெயருக்கு ஒரு கட்டம், சொந்தப் பெயருக்கு ஒரு கட்டம் என்று வரும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு மாதிரி நிரப்பிவிடுகிறார்கள். ஆகவே முதல் வேலை இதுதான்: கடவுச்சீட்டில் எந்த எழுத்தில், எந்த வரிசையில் பெயர் இருக்கிறதோ அதையே மூலமாக வைத்துக்கொள்ளுங்கள். பிறப்பு அத்தாட்சியைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பவும் கொடுத்து மொழிபெயர்க்க வேண்டும். போகும்போது கடவுச்சீட்டின் கொப்பியையும் கையில் கொண்டுபோங்கள். அவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள். அதைப் பார்த்து எழுதினால் எழுத்து மாறாது. மொழிபெயர்ப்போடு தமிழில் உள்ள பிரதியும் சேர்ந்தே போக வேண்டும். உங்கள் மருமகன் மொழிபெயர்ப்பாளராக இருக்கிறார் என்றீர்கள். அவரிடம் கொடுக்காதீர்கள். குடும்பத்தவர் செய்த மொழிபெயர்ப்பைக் கனடா ஏற்காது.

பழைய சான்றிதழ்களில் உள்ள பெயரை இனி மாற்ற முடியாது, மாற்றவும் தேவையில்லை. "இந்தப் பெயர்கள் எல்லாம் ஒரே ஆளைத்தான் குறிக்கும்" என்று சமாதான நீதவான் முன்னிலையில் ஒரு சத்தியக் கடதாசி முடித்தால் போதும். எந்தச் சான்றிதழில் எந்தப் பெயர் இருக்கிறது என்று அதில் தனித்தனியாகச் சொல்லியிருக்க வேண்டும். பொதுவாக எழுதிய இரண்டு வரி உதவாது. பெயர் சரி, பிறந்த திகதியில் வித்தியாசம் என்றால் மட்டும் சத்தியக் கடதாசியோடு விடக்கூடாது. பிரதேச செயலகத்தில் பதிவாளர் பிரிவுக்குப் போய் முதலில் அதைத் திருத்த வேண்டும். தம்பியின் ஐசியை (தேசிய அடையாள அட்டையை) நான் பார்த்தேன். 12 இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பிறப்பு அத்தாட்சியோடு அது ஒத்துப்போகிறது. அந்தக் கவலை உங்களுக்கு இல்லை.

2004 சுனாமியில் பிறப்பு அத்தாட்சியின் மூலப் பிரதி போய்விட்டது என்று சொன்னீர்கள். இப்போது கையில் இருப்பது கொப்பியின் கொப்பி, பதிவு இலக்கமே வாசிக்க முடியவில்லை. பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுங்கள். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.

இன்னொன்று உங்களைப் பற்றியது. குடும்ப விபரப் படிவத்தில் தாய், தகப்பன், சகோதரங்கள் எல்லாருடைய பிறந்த திகதியும் கேட்பார்கள். உங்கள் திகதியைக் கேட்டபோது "புயலுக்கு முந்தின வருசம், ஆவணி" என்றீர்கள். எங்கள் பக்கத்தில் 1978 புயலை வைத்து வயது சொல்லாத ஆள் இல்லை, எனக்கு அது விளங்கும். ஆனால் படிவத்தில் உங்கள் ஐசியில் உள்ள திகதியைத்தான் எழுத வேண்டும். நாளைக்கு மகளும் எங்காவது விண்ணப்பித்தால் அதே திகதியே வர வேண்டும். ஒரு கொப்பியில் எல்லாருடைய விபரத்தையும் எழுதி வீட்டில் வைத்துவிடுங்கள்.

சரி, இனிப் பெரிய விசயத்துக்கு வருகிறேன். பட்டறைக் கடிதம்.

"இவர் எனது பட்டறையில் வேலை செய்தார், நல்ல பிள்ளை" என்று முதலாளி எழுதிக் கொடுத்திருக்கிறார். அன்பான மனிதர். ஆனால் அந்தக் கடிதத்தில் அலுவலருக்குத் தேவையான எதுவும் இல்லை. எந்தத் திகதியில் சேர்ந்தார், எப்போது வரை, என்ன பதவி, கிழமைக்கு எத்தனை மணித்தியாலம், எவ்வளவு சம்பளம், என்னென்ன வேலை செய்தார் என்பதெல்லாம் வர வேண்டும். கேற் செய்தாரா, கூரைக்கு இரும்புச் சட்டம் ஒட்டினாரா, உழவு இயந்திரப் பெட்டி திருத்தினாரா, எந்த வகை வெல்டிங் தெரியும் என்று தம்பி செய்த வேலையைத் தம்பியே முதலாளிக்குச் சொல்லிக்கொடுத்து எழுத வைக்கட்டும். இணையத்தில் இருந்து யாரோ எழுதிய வேலை விபரத்தை அப்படியே இறக்கிப் போடாதீர்கள். அது பார்த்தவுடன் தெரிந்துவிடும். கடிதத் தலைப்பு அச்சடித்த தாள் முதலாளியிடம் இல்லை என்றால் பரவாயில்லை. முகவரி, தொலைபேசி இலக்கம், கையொப்பம், சீல் இருக்கட்டும், பட்டறையின் வியாபாரப் பதிவுச் சான்றிதழின் கொப்பியும் கூடவே போகட்டும். அலுவலர் தொலைபேசி எடுத்துக் கேட்கவும் கூடும், ஆகவே முதலாளிக்கு அதை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

சம்பளம் கையில்தான் கொடுத்தார், ஈபிஎஃப் (ஊழியர் சேமலாப நிதி) கட்டவில்லை. இங்கே சின்னப் பட்டறைகளில் இது வழக்கம். ஈபிஎஃப் இருந்திருந்தால் அதன் கூற்று ஒன்றே பெரிய சாட்சி. இல்லாதபோது, சம்பளம் கையில் கொடுக்கப்பட்டது என்று கடிதத்திலேயே உண்மையை எழுதச் சொல்லுங்கள். தம்பி மாதாமாதம் வங்கியில் போட்ட காசு கணக்கில் தெரிகிறது, அதையும் இணைக்கலாம். தொழில்நுட்பக் கல்லூரியில் எடுத்த என்விகியூ (தேசிய தொழில் தகைமை) சான்றிதழ் இவரிடம் இருக்கிறது, அது பெரிய பலம். அப்படி எதுவும் இல்லாமல் பல வருடம் கைத்தொழில் செய்த பிள்ளைகளுக்கும் வழி உண்டு. வகுப்புக்குப் போகாமலே, செய்த வேலையைக் காட்டி, செய்முறைப் பரீட்சை கொடுத்து, முன்னனுபவத்தின் அடிப்படையில் என்விகியூ எடுக்கலாம். வாழைச்சேனையிலும் அக்கரைப்பற்றிலும் எத்தனையோ நல்ல கையாட்கள் இதை அறியாமல் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே மனவருத்தம்.

ஏஜென்சிக்காரர் மூன்று வருடத்தை ஐந்தாகப் போடச் சொன்னார் என்று தம்பி மெதுவாகச் சொன்னார். வேண்டாம் அம்மா. பொய்த் தகவல் கொடுத்ததாகக் கனடா முடிவெடுத்தால் 5 வருடத்துக்கு அங்கே போகும் வழி அடைபடும். பட்டறை வேலைக்கு முன் ஏழு மாதம் வீட்டில் இருந்தார் என்றால் அந்த ஏழு மாதத்தையும் "வேலையில்லை" என்றே எழுதுங்கள். முன்பு வேறு நாட்டுக்கு விசா மறுத்திருந்தால் அதையும் மறைக்கக் கூடாது. படிவத்தை நிரப்புவது யாராக இருந்தாலும், உள்ளே இருக்கிற பதிலுக்குப் பொறுப்பு தம்பிதான். அனுப்பும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் அவர் வாசிக்க வேண்டும்.

காசைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் படுவான்கரை வயலை ஈடு வைக்கலாமா என்று கேட்டீர்கள். எல்எம்ஐஏ என்பது அங்குள்ள வேலைகொள்வோர் தன் நாட்டு அரசிடம் எடுக்கிற அனுமதி. அதற்கு 1,000 கனடா டொலர் அவர் கட்ட வேண்டும். அதை வேலைக்கு வருகிறவரிடம் அறவிடக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். தம்பி கட்ட வேண்டியது வேலை அனுமதிக் கட்டணம் 155 டொலர், கைரேகைக்கு 85 டொலர், அப்புறம் மருத்துவப் பரிசோதனைச் செலவு. "எல்எம்ஐஏ காசு" என்று யாராவது இலட்சக்கணக்கில் கேட்டால் வயல் பத்திரத்தை வெளியே எடுக்காதீர்கள். ஏஜென்சிக்கு இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று 1989 என்ற இலக்கத்துக்கு எடுத்து விசாரிக்கலாம், பிரதேச செயலகத்தில் இருக்கிற வெளிநாட்டு வேலைவாய்ப்பு உத்தியோகத்தரிடமும் கேட்கலாம். அனுமதி கிடைத்த பிறகும், விமானம் ஏறும் முன் பணியகத்தில் பதிவு செய்தே ஆக வேண்டும்.

எல்எம்ஐஏ கடிதத்தில் உள்ள பதவியும் சம்பளமும் வேலை ஒப்பந்தத்தில் உள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். நீங்கள் கொண்டுவந்த இரண்டையும் நான் ஒப்பிட்டேன், ஒத்துப்போகின்றன.

மூலப் பிரதிகளை யாரிடமும் விட்டுவராதீர்கள். கொப்பி கொடுக்கலாம், மூலத்தைக் காட்டலாம், திருப்பி வாங்கிக்கொண்டு வர வேண்டும். கடவுச்சீட்டை ஆறு மாதமாக ஏஜென்சியில் விட்டுவிட்டு, அதைத் திரும்ப எடுக்க அலைந்த ஒரு குடும்பத்தோடு நானும் போயிருக்கிறேன். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

கடவுச்சீட்டைப் பற்றி மறந்துபோனது ஒன்று. தம்பியுடையது இன்னும் 14 மாதத்தில் முடிகிறது. கடவுச்சீட்டு முடிகிற நாளைத் தாண்டிக் கனடா வேலை அனுமதி கொடுக்காது. இரண்டு வருட ஒப்பந்தம் கையில் இருக்கும்போது ஒரு வருட அனுமதியோடு ஏன் போக வேண்டும்? முதலில் புதுப்பியுங்கள், அதே எழுத்தில். பொலிஸ் நற்சான்றிதழை மட்டும் இப்போது எடுக்காதீர்கள். மற்றதெல்லாம் சேர்ந்த பிறகு, புதிய கடவுச்சீட்டு இலக்கத்தோடு விண்ணப்பிக்கலாம். இருந்த முகவரிகளையும் காலங்களையும் அதில் கேட்பார்கள். முகாமில் இருந்த காலம் உட்பட எல்லாவற்றையும் நினைவுபடுத்தி எழுதிவையுங்கள்.

அடுத்த வியாழன் காலை ஒன்பது மணிக்கு வாருங்கள். புதிய பிறப்புப் பிரதியும் முதலாளியின் திருத்திய கடிதமும் வந்திருந்தால் போதும், சத்தியக் கடதாசிக்கான பெயர்ப் பட்டியலை அன்றைக்கே மூன்று பேரும் இருந்து எழுதிவிடலாம். கடிதத்தை முதலாளி கையொப்பமிடும் முன் எனக்கு ஒரு தடவை போனில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.