பி0011 எரர் கோட்: ஓசிவி மாற்றிய பிறகும் செக் எஞ்சின் விளக்கு திரும்ப எரிவது ஏன்?

கேட்டவர் சொல்லியிருப்பது இதுதான்: 90,000 கிலோமீட்டர் ஓடிய பெட்ரோல் கார். சிக்னலில் நின்றால் எஞ்சின் நடுங்குகிறது, சில நேரம் அணைந்தே போகிறது. ஸ்கேனரில் பி0011. எஞ்சின் வால்வுகள் திறக்கும் நேரத்தை முந்திப் பிந்தி மாற்றும் அமைப்பான விவிடி-யின் ஆயில் கன்ட்ரோல் வால்வை, அதாவது ஓசிவியை, புதிதாகப் போட்டார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடியது, பிறகு மறுபடி அதே கோட். இப்போது விவிடி-யின் பல்சக்கரமான ஃபேசரையும் டைமிங் செயினையும் சேர்த்து மாற்ற 38,000 ரூபாய் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

இப்போதைக்குக் கொடுக்காதீர்கள். புது ஓசிவி மூன்று வாரம் ஒழுங்காக வேலை செய்ததே பெரிய துப்பு. ஃபேசர் செத்திருந்தால் ஓசிவி மாற்றிய அன்றும் நடுக்கம் அப்படியேதான் இருந்திருக்கும். பழைய வால்வைக் கெடுத்தது எதுவோ, அது இன்னும் எஞ்சினுக்குள்ளேயே இருக்கிறது என்றுதான் நான் நினைப்பேன்.

கோவையில் பத்தொன்பது வருஷமாக ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறேன். இதே கதையோடு ஒரு கால் டாக்ஸி வந்தது. டிரைவர் இறங்கும்போதே, "ஏனுங்ண்ணா, மூணு வால்வு மாத்தியாச்சு. நீங்களும் நாலாவது மாத்தச் சொல்லீராதீங்க" என்றார்.

அந்த வண்டிக்குப் போகும் முன் விவிடி எப்படி வேலை செய்கிறது என்று ஒரு வார்த்தை. வால்வுகளைத் திறந்து மூடும் தண்டான கேம் ஷாஃப்ட்டின் முனையில் இருக்கும் பல்சக்கரம்தான் ஃபேசர். வெளிக்கூடு செயினோடு சுற்றும். உள்ளே மூன்று நான்கு துடுப்பு வைத்த ரோட்டர், கேமோடு சுற்றும். துடுப்புக்கு ஒரு பக்கம் ஆயில் அழுத்தம் கொடுத்தால் கேம் சில டிகிரி முந்தும், மறுபக்கம் கொடுத்தால் பிந்தும். ஓசிவிக்குள் இருக்கும் ஸ்பூல் என்ற சின்ன உருளை சில மில்லிமீட்டர் நகர்ந்து ஆயிலை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ அனுப்பும். வாய்க்காலில் மடை திருப்புகிற வேலைதான், ஆள் மட்டும் ஈசியு, அதாவது எஞ்சின் கம்ப்யூட்டர். பி0011 என்றால் இன்டேக் கேம் (காற்றை உள்ளே விடும் வால்வுகளுக்கானது) ஈசியு கேட்ட அளவைத் தாண்டி முந்தி நிற்கிறது என்று அர்த்தம். எந்தச் சாமான் கெட்டது என்று அந்தக் கோட் சொல்லாது. இதைப் புரிந்துகொள்ளாமல் சாமான் மாற்றித்தான் பாதிப் பேர் காசை விடுகிறார்கள்.

முந்திய நிலையிலேயே கேம் மாட்டிக்கொண்டால், ஐடிலில், அதாவது ஆக்ஸிலரேட்டர் மிதிக்காமல் எஞ்சின் ஓடும்போது, இன்டேக் வால்வும் எக்சாஸ்ட் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடிவிடும். வெளியே போக வேண்டிய புகை திரும்ப உள்ளே வரும். உங்கள் சிக்னல் நடுக்கம் அதனால்தான். அவிநாசி ரோட்டில் எண்பதில் போகும்போது அதே வண்டி சமத்தாக இருக்கும்.

டாக்ஸிக்கு வருகிறேன். எஞ்சினை நன்றாகச் சூடாக்கி, ஸ்கேனரில் லைவ் டேட்டாவைத் திறந்தேன். கோட் படிப்பதை விட இது முக்கியம். ஈசியு கேட்ட கோணம் ஒரு வரியில், கேம் உண்மையில் நிற்கும் கோணம் அடுத்த வரியில். ஐடிலில் கேட்டது 0, நின்றது 17. ஓசிவி கனெக்டரைக் கழற்றினேன். மின்சாரம் போனால் ஸ்பிரிங் ஸ்பூலைத் தள்ளி, கேம் பிந்திய நிலைக்கு வர வேண்டும். வரவில்லை, 17-லேயே நின்றது. ஆக, வயரிங் கோளாறு இல்லை. ஸ்பூல் மாட்டியிருக்க வேண்டும், அல்லது ஃபேசர் மாட்டியிருக்க வேண்டும்.

ஒரே ஒரு 10 எம்எம் போல்ட். ஓசிவி கையில் வந்தது. பேட்டரியிலிருந்து நேராக 12 வோல்ட் தொட்டுத் தொட்டு எடுத்தேன் (இரண்டு மூன்று விநாடிக்கு மேல் கொடுக்காதீர்கள், காயில் கருகிவிடும்). ஸ்பூல் பாதி வழி போய் நின்றது. போன் டார்ச்சில் பார்த்தால், ஓட்டைக்குள் அரை அரிசி அளவில் ஆரஞ்சு நிறத்தில் ஏதோ. ஊசியால் எடுத்து விரலில் நசுக்கினேன். ரப்பர். லீக் அடைக்கப் பூசும் சிலிக்கான் பேஸ்ட்!

ஓசிவிக்கு ஆயில் வரும் வழியில் ஒரு சின்ன வலை ஃபில்டர் இருக்கும். சில எஞ்சின்களில் வால்விலேயே இருக்கும், சிலவற்றில் தனி போல்ட்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும். இந்த வண்டியில் தனியாக இருந்தது. மூன்று முறை வால்வு மாற்றியவர்கள் யாரும் புது வலை போடவில்லை. யாரோ ஒருவர் ஸ்குரூடிரைவரால் நெம்பிப் பார்த்திருக்கிறார், வலை கிழிந்திருந்தது. வால்வு கவரைக் கழற்றினால், உள்விளிம்பு நெடுக ஜாங்கிரி பிழிந்த மாதிரி சிலிக்கான். முன்பு ஆயில் லீக்குக்கு கவரைத் திறந்தவர் தாராளமாக அப்பியிருக்கிறார். அது துணுக்குத் துணுக்காகப் பிய்ந்து, கிழிந்த வலை வழியே புகுந்து, வருகிற ஒவ்வொரு வால்வையும் அடைத்திருக்கிறது. ஆயில் பேனை இறக்கினேன், பம்ப் உறிஞ்சும் வலையிலும் அதே துணுக்குகள். எல்லாம் சுத்தம் செய்து, புது வலை, கேஸ்கட், ஆயில், ஆயில் ஃபில்டர். ஓசிவி? பிரேக் கிளீனரில் கழுவி அதையே திரும்பப் போட்டேன். இப்போது ஐடிலில் கேட்டது 0, வந்தது 0.

உங்கள் வண்டியிலும் சிலிக்கான்தான் என்று சொல்லவில்லை. பெரும்பாலும் இதை விடச் சாதாரணமான காரணம்தான் இருக்கும்: நாள் கடந்த ஆயில், கறுப்புக் கசடு, அல்லது தப்பான கிரேடு. "வண்டிக்கு வயசாச்சு, கெட்டி ஆயில் ஊத்துவோம்" என்பது கார்புரேட்டர் காலத்துப் பழக்கம். மெல்லிய 0டபிள்யூ-20 கேட்கும் எஞ்சினில் கெட்டியான 20டபிள்யூ-50 ஊற்றினால் அந்த ஊசித் துளைகளில் அது காலையில் எப்படி ஓடும்? முதலில் டிப்ஸ்டிக்கை எடுத்து அளவைப் பாருங்கள். ஆயில் விளக்கு எரியவில்லையே என்று வாதாடாதீர்கள். பல கார்களில் அழுத்தம் அரை பாருக்கும் (பார் என்பது அழுத்த அளவு) கீழே போனால்தான் அது எரியும். ஃபேசர் அதற்கு வெகு முன்னாலேயே தடுமாறத் தொடங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஆயில் பிரஷர் சுவிட்சைக் கழற்றி அங்கே கேஜ் மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கசடு நிறைய இருந்தால் ஃபிளஷ் திரவம் ஊற்றுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. மொத்தமாகப் பெயர்ந்து பம்ப் வலையை அடைத்துவிடும். 1,000 கிலோமீட்டர் இடைவெளியில் இரண்டு முறை ஆயிலும் ஃபில்டரும் மாற்றுவேன்.

பி0010 வந்தால் மட்டும் முதலில் மல்டிமீட்டரை எடுங்கள், அது மின்சுற்றுக் கோட். டொயோட்டாவின் பல விவிடி-ஐ எஞ்சின்களில் ஓசிவி காயில் 20 டிகிரி வெப்பத்தில் ஏறக்குறைய 7 ஓம் காட்டும். எலி கடித்த வயர் எங்கள் பக்கம் ரொம்ப சகஜம். பி0016 வந்தால் விஷயம் வேறு. பிஸ்டன்கள் சுற்றும் தண்டான கிராங்கும் கேமும் ஒத்துப் போகவில்லை, செயின் நீண்டிருக்கலாம், பல் தாண்டியிருக்கலாம். கூடவே செயின் சத்தமும் இருந்தால் வண்டியை எடுக்காதீர்கள், டோ செய்யுங்கள். வால்வு பிஸ்டனில் இடித்தால் 38,000 எல்லாம் போதாது.

ஃபேசர் உண்மையிலேயே கெடுவதும் உண்டு. காலையில் ஸ்டார்ட் செய்ததும் முன்பக்கம் 'கடகட' என்று இரண்டு விநாடி கேட்டு நிற்கிறதா? ஆயில் வடிந்துபோய், ரோட்டரைப் பூட்டும் ஊசி (லாக் பின்) பிடிக்காமல் ரோட்டர் ஆடுகிறது. அதற்கும் முதலில் நல்ல ஆயில் ஃபில்டர் போட்டுப் பாருங்கள். மலிவான ஃபில்டரில் ஆயிலைத் தேக்கும் ரப்பர் வால்வு சரியாக இருக்காது. அப்படியும் நிற்காமல், ஓசிவி, வலை, பிரஷர் எல்லாம் சரியாக இருந்து, கோணம் மட்டும் பின்தொடரவில்லை என்றால் ஃபேசர் மாற்றுவது நியாயம். அப்போது செயினையும் டென்ஷனரையும் சேர்த்தே போடுங்கள், கூலி ஒன்றுதான். மாட்டி முடித்ததும் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றி, டைமிங் குறிகள் திரும்பச் சேர்கின்றனவா என்று பார்த்த பிறகே சாவி போட வேண்டும்.

38,000 கேட்டவரிடம் இரண்டே விஷயம் கேளுங்கள்: ஓசிவி வலையைக் கழற்றிப் பார்த்தாரா, சூடான எஞ்சினில் ஐடிலிலும் 2,000 ஆர்பிஎம்மிலும் கேட்ட கோணம், வந்த கோணம் எவ்வளவு. அந்த நாலு எண்களையும் இங்கே எழுதுங்கள், பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.