வாங்காத கடனுக்குத் தவணை கேட்கிறார்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தபோது, என் பெயரில் ஒரு கடன் செயலி வழியாக வாங்கிய 45,000 ரூபாய் நிலுவையில் இருப்பதாகச் சொல்லி வங்கி மறுத்துவிட்டது. அப்படியொரு கடனை நான் வாங்கவே இல்லை. வசூல்காரர்களோ, 'பாதியைக் கட்டுங்கள், முடித்துவிடலாம்' என்கிறார்கள். 'கட்டித் தொலைத்துவிடலாமே' என்கிறார் கணவர். என்ன செய்வது?

பதில்: ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள், சகோதரி. கட்டினால் கடனை நீங்களே ஒப்புக்கொண்டதாக நாளை வாதிடுவார்கள். போதாக்குறைக்கு, பாதி கட்டி முடித்த கடன், உங்கள் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'செட்டில்டு' (முழுதாகக் கட்டாமல் முடித்தது) என்று பதிவாகும். அதைப் பார்த்தும் வங்கி முகம் சுளிக்கும். கணவர் நினைப்பதுபோல அது தொலையாது.

கடன் தந்த நிதி நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் எழுதுங்கள். செயலிக்கு எழுதிப் பயனில்லை. அது பெரும்பாலும் இடைத்தரகர்தான். 'நான் வாங்கவில்லை' என்று மட்டும் எழுதினால், 'பரிசீலிக்கிறோம்' என்ற ஒரு வரியோடு நின்றுவிடும். ஆவணங்களைக் கேளுங்கள்: கடன் ஒப்பந்தம், விண்ணப்பத்தோடு தந்த ஆதார், பான் நகல்கள், எடுத்த செல்ஃபி, ஓ.டி.பி. போன கைபேசி எண். செல்ஃபியில் வேறு முகம் இருந்தால் பாதி வழக்கு அங்கேயே முடிந்தது.

எல்லாவற்றையும்விட முக்கியம், பணம் எந்த வங்கிக் கணக்குக்குப் போனது என்பது. ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிகளின்படி, சில விதிவிலக்குகள் நீங்கலாக, தொகை கடன் வாங்குபவரின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். வேறொருவர் கணக்குக்குப் போயிருந்தால் பதில் சொல்ல வேண்டியது நிதி நிறுவனம்தான். நீங்கள் தொடங்காத ஒரு கணக்கு உங்கள் பெயரில் இருந்து, அதற்குப் போயிருந்தால், அந்த வங்கி மீதும் தனியே புகார் கொடுக்க வேண்டும்.

அடுத்து போலீஸ். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்தில் பதிவு செய்துவிட்டு, சைபர் கிரைம் காவல் நிலையத்திலும் எழுத்துப்பூர்வமாகக் கொடுங்கள். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 66சி (அடையாளத் திருட்டு), 66டி (கணினி வழி ஆள்மாறாட்ட மோசடி) இரண்டுக்கும் மூன்றாண்டு வரை சிறை உண்டு. சி.எஸ்.ஆர். ரசீதை, அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டை மட்டும் கொடுத்து அனுப்பப் பார்ப்பார்கள். வாங்கிக்கொள்ளுங்கள், ஆனால் அது எஃப்.ஐ.ஆர். (முதல் தகவல் அறிக்கை) ஆகாது. எஃப்.ஐ.ஆர். போட மறுத்தால், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் இடத்தில் வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173(4) பிரிவின்படி மேலதிகாரிக்குத் தபாலில் அனுப்பலாம். அங்கும் அசையாவிட்டால் மாஜிஸ்திரேட்டிடம் போகலாம்.

சிபில் நிறுவனத்திலும் ஆட்சேபம் பதிவு செய்யுங்கள். புகாரை 30 நாளில் தீர்க்காவிட்டால், தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு கேட்கலாம். சிபில் போலக் கடன் வரலாற்றைத் தொகுக்கும் நிறுவனங்கள் இந்தியாவில் மொத்தம் நான்கு; ஆண்டுக்கு ஒருமுறை ஒவ்வொன்றும் இலவச அறிக்கை தர வேண்டும். நான்கையும் வாங்கிப் பாருங்கள், இன்னொரு கடன் ஒளிந்திருக்கலாம். நிதி நிறுவனம் 30 நாளில் பதில் தராவிட்டாலும், தந்த பதில் திருப்தி இல்லாவிட்டாலும், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

வசூல்காரர்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. அழைத்தால் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள். புகாரோடு இணைக்க உதவும்.

உங்கள் ஆதார் எங்கே கசிந்தது என்று தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஜெராக்ஸ் கடையின் வாட்ஸ்அப்புக்கு ஆதாரை அனுப்பி, அச்செடுத்துவிட்டு, அழிக்கச் சொல்லாமல் வருபவர்கள் எத்தனை பேர்! இனி நகல் கொடுத்தால், எதற்காக, யாருக்கு, என்ன தேதி என்று குறுக்கே எழுதிக் கொடுங்கள். முதல் எட்டு இலக்கங்கள் மறைந்த ஆதாரே பல இடங்களில் போதும். கைரேகையையும் கருவிழிப் பதிவையும் ஆதார் செயலியில் பூட்டி வைக்கலாம். உங்கள் பெயரில் எத்தனை சிம் இருக்கிறது என்பதை மத்திய தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி இணையதளம் காட்டும். தெரியாத எண் இருந்தால் அங்கேயே புகார் செய்யலாம்.

சிபில் அறிக்கை திருந்தும்வரை வேறு வங்கிகளில் வரிசையாக விண்ணப்பிக்காதீர்கள். வங்கிகள் செய்யும் ஒவ்வொரு விசாரிப்பும் அந்த அறிக்கையில் பதிவாகும். மறுத்த வங்கியின் மேலாளரிடமே புகார் நகல்களைக் கொடுத்து, விண்ணப்பத்தை மறுபரிசீலனைக்கு வைத்திருக்குமாறு எழுதிக் கேளுங்கள்.