மதியம் ஆக்சிஜன் 9, விடிந்தால் மீன் சாகிறது: மீட்டரில் கோளாறா?

கேள்வி: ஆற்றில் மிதவைக் கூண்டு போட்டுக் கெண்டை வளர்க்கிறேன். தினமும் மதியம் 2 மணிக்கு மீட்டர் வைத்துப் பார்க்கிறேன். ஆக்சிஜன் லிட்டருக்கு 9 மி.கி. காட்டுகிறது, தண்ணீர் 31 டிகிரி. ஆனால் ஒரு வாரமாக விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கின்றன, பெரிய மீன்கள் சில செத்தும் போயின. மீட்டர் கெட்டுவிட்டதா, இல்லை நோயா? என்ன மருந்து போடலாம்?

பதில்: மருந்து எதுவும் வேண்டாம். மீட்டரையும் சந்தேகப்படாதீர்கள், நீங்கள் பார்க்கும் நேரம்தான் தப்பு. பெரிய மீன் முதலில் சாவதும், விடியும் நேரத்தில் மட்டும் திணறுவதும், வெயில் ஏறியதும் பழையபடி நீந்துவதும் மூச்சுத் திணறலுக்கான அடையாளம். நோய் என்றால் இப்படிக் கடிகாரம் பார்த்து வராது.

உங்கள் 9 மி.கி.யே ஓர் எச்சரிக்கைதான். 31 டிகிரி தண்ணீர் காற்றிலிருந்து பிடித்து வைக்கக்கூடியது லிட்டருக்குச் சுமார் 7.4 மி.கி. மட்டுமே (20 டிகிரியில் 9.1, 10 டிகிரியில் 11.3, தண்ணீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் தங்காது). அப்படியிருக்க 9 எங்கிருந்து வந்தது? பாசியும் நீர்ச்செடிகளும் வெயிலில் தயாரித்துக் கொட்டியது. அதே பாசி இருட்டியதும் தயாரிப்பை நிறுத்திவிட்டு, உங்கள் மீன்களோடும் அடிமண்ணில் அழுகுவதை மக்கவைக்கும் நுண்ணுயிரிகளோடும் சேர்ந்து ராத்திரி முழுக்க ஆக்சிஜனைச் செலவழிக்கும். பகலில் எவ்வளவு உயரமாக ஏறுகிறதோ, விடியும்போது அவ்வளவு ஆழமாக இறங்கும் என்று எதிர்பார்க்கலாம். பிற்பகலில் உச்சம், சூரியன் எழும் நேரத்தில் அடிமட்டம். தண்ணீரின் சூடும் ஏறக்குறைய இதே கணக்கில்தான் ஏறி இறங்கும். விடியற்காலையில் தண்ணீர் குளிர்ந்து அதிக ஆக்சிஜன் பிடிக்கத் தயாராக இருக்குமே என்று கேட்கலாம். இடம் இருக்கும், ஆனால் ஓட்டம் குறைந்த ஆற்றில் அதை நிரப்ப ஆள் இல்லை. கல்லில் மோதிச் சலசலத்து ஓடும் இடம் என்றால் காற்று கலந்துகொண்டே இருக்கும், இவ்வளவு ஏற்ற இறக்கம் வராது.

சரி, இன்றைக்கே செய்ய வேண்டியது. பொழுது சாய்ந்ததும் ஒருமுறை, மூன்று மணி நேரம் கழித்து ஒருமுறை அளந்து பாருங்கள். இரவு 7 மணிக்கு 7, 10 மணிக்கு 5.5 என்று வைத்துக்கொண்டால், மணிக்கு அரை மி.கி. குறைகிறது, காலை 6 மணிக்கு 1.5தான் மிஞ்சும். அளவு இறங்க இறங்க வெளிக்காற்றும் கொஞ்சம் கைகொடுக்கும் என்பதால் நிஜத்தில் இதைவிடச் சற்றுக் கூடுதலாக இருக்கலாம், ஆனாலும் முன்கூட்டியே உஷாராக இந்தக் கணக்கு போதும். கெண்டைக்கு 5க்கு மேல் இருந்தால் நிம்மதி, 3க்குக் கீழே போனால் தவிப்பு. கூண்டுக்கு வெளியே மட்டும் அளந்துவிட்டுத் திரும்பாதீர்கள். கூண்டின் நடுவில், ஒரு மீட்டர் ஆழத்தில் கட்டாயம் பாருங்கள். உள்ளே குறைவாகவும் வெளியே நன்றாகவும் இருந்தால் வலையில் பாசி அடைத்துத் தண்ணீர் புகவில்லை என்று பொருள், வலையைத் தேய்த்துக் கழுவினாலே பாதிப் பிரச்சினை தீரும்.

தீவன விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். சாயங்காலத் தீவனத்தை இப்போதைக்கு நிறுத்திவிடுங்கள். தின்ற மீனுக்கு அடுத்த சில மணி நேரம் ஆக்சிஜன் அதிகம் தேவை, அந்தச் சுமையை ராத்திரியில் ஏற்றக் கூடாது. காலையில் அளவு 5ஐத் தாண்டிய பிறகு போடுங்கள், மீன்கள் மேலே திணறும் நாளில் போடவே வேண்டாம். ஏரேட்டர் (தண்ணீரில் காற்றைக் கலக்கும் கருவி) இருந்தால் பகலில் ஓட்டி மின்சாரத்தை வீணாக்காமல் நள்ளிரவிலிருந்து சூரியன் நன்றாக ஏறும்வரை ஓட்டுங்கள். இவ்வளவுக்குப் பிறகும் 3க்குக் கீழேயே இறங்கினால், கூண்டில் மீன் அதிகம். பெரியதைப் பிடித்து விற்றுவிடுங்கள். வெயிலில் பிடிக்காதீர்கள், ஆக்சிஜன் திரும்பிய பிறகு சூடு ஏறும் முன் பிடிப்பது நல்லது.

அப்புறம், இது வருடம் முழுக்க ஒரே மாதிரி இருக்காது. குளிர் மாதங்களில் தண்ணீரும் அதிகம் பிடிக்கும், மீனும் குறைவாகச் செலவழிக்கும், அப்போது நீங்கள் கவலைப்பட வேண்டியதில்லை. கோடையில் ஆறு வற்றி ஓட்டம் தேங்கும்போதுதான் ஆபத்து. மேகம் மூடி இரண்டு மூன்று நாள் வெயில் இல்லாமல் போனால் பாசியின் பகல் தயாரிப்பும் குறைந்துவிடும், அந்த நாட்களில் மதிய அளவே தாழ்ந்து கிடக்கும். கோடைக்குப் பிறகு வரும் முதல் மழை இன்னும் மோசம். கரையில் கிடந்த குப்பை, சாணம், சருகு எல்லாம் ஒரே அடியாக ஆற்றுக்குள் வந்து மக்கத் தொடங்கும், தண்ணீர் கலங்கி வெளிச்சமும் இறங்காது. அன்றைக்குத் தீவனம் போடாமல், ஏரேட்டரைப் பகலிலும் ஓடவிடுங்கள், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அளந்துகொண்டே இருங்கள்.