கேள்வி பதில்: கண்ணைப் பார்த்து முகமூடியின் வேலையைச் சொல்ல முடியுமா?

கேள்வி: மேற்கு ஆப்பிரிக்க நாடான ஐவரி கோஸ்டில் வாழும் டான் மக்களின் முகமூடியில் கண் கீற்றாக இருந்தால் பெண், வட்டமாக இருந்தால் ஆண் என்று படித்தேன். இந்தக் கணக்கு சரியா? (கோவை வாசகி)

பதில்: பாதிதான் சரி. டான் மக்கள் ஐவரி கோஸ்டின் மேற்கே மான், டனானே ஊர்களைச் சுற்றியும், எல்லை தாண்டி லைபீரியாவின் நிம்பா பகுதியிலும் வாழ்கிறார்கள். ஐவரி கோஸ்டில் அவர்களுக்கு யாக்கூபா என்றும் லைபீரியாவில் கியோ என்றும் பெயர் உண்டு.

நாம் முகமூடி என்று சொல்வதை அவர்கள் 'கே' என்கிறார்கள். வட்டாரத்துக்கேற்ப 'க்லே' என்றும் வரும். அந்தச் சொல் மரத்தைக் குறிப்பதில்லை. காட்டில் உருவமில்லாமல் திரியும் ஒரு சக்தி ஊருக்குள் வர ஆசைப்பட்டு ஒருவர் கனவில் தோன்றுகிறது. தனக்கு என்ன முகம், என்ன உடை, என்ன இசை வேண்டும் என்று சொல்கிறது. ஊர்ப் பெரியவர்கள் ஒப்புக்கொண்டால் முகம் செதுக்கப்படுகிறது. ஆக, மர முகம், தலை அலங்காரம், உடலை மறைக்கும் துணி, இடுப்பில் தொங்கும் நார்ப் பாவாடை, கூடவே வந்து பேச்சை எடுத்துச் சொல்லும் துணையாள் எல்லாம் சேர்ந்ததுதான் கே. அருங்காட்சியகக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பது அதில் ஒரு துண்டு.

இப்போது கண்ணுக்கு வருவோம். நீள்வட்ட முகம், உயர்ந்த நெற்றி, கீற்றுக் கண், அதன் குறுக்கே வெள்ளைக் களிமண் பட்டை: இது டேயாங்க்லே. விருத்தசேதனத்துக்காகக் காட்டு முகாமில் இருக்கும் சிறுவர்களுக்கு ஊர்ப் பெண்களிடம் சோறு வாங்கிப் போவது இதன் வேலை. பெண்களிடம் சிரித்துப் பேசிக் கேட்கும். ஆடாது, மேளமும் கிடையாது. டாங்காக்லே என்று இன்னொன்று, மேளக்காரர்களோடு வந்து ஆடிப்பாடி ஊரை மகிழ்விப்பது. இரண்டின் மர முகத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் பல நேரம் வித்தியாசமே தெரியாது. பெண்ணழகு கொண்ட இந்த முகங்களை அணிவதும் ஆண்களே.

வட்டக் கண்ணிலும் இதே சிக்கல். குன்யே கே ஓட்டப் பந்தய முகமூடி. மழையில்லாக் காலத்தில் முகமூடி அணியாத ஒருவரை அது துரத்தும். முகமூடி அணிந்து ஓடுபவருக்கு வழி தெரிய வேண்டும், அதனால் கண் பெரிய துளை. ஸாக்பெய் கேவுக்கும் அதே வட்டக் கண்தான், சுற்றிலும் பெரும்பாலும் சிவப்புத் துணி ஒட்டியிருக்கும். இது தீக்காவல். வறண்ட காற்று வீசும் மாதங்களில் கூரை வீடுகள் தீப்பிடிக்காமல் இருக்க, சமையல் அடுப்பை வேளையோடு அணைத்தார்களா என்று வீடு வீடாகப் பார்க்கும். அணைக்காதவர் தண்டனையிலிருந்து தப்ப முடியாது. முக்கோணக் கண்ணும் முன்தள்ளிய கன்ன எலும்புமாக வரும் காக்லே கூட்டத்துக்குள் கொக்கிக் கம்பை வீசி ஆட்டம் காட்டும்.

இதைவிட முக்கியமான ஒன்று: கேவுக்குப் பதவி உயர்வு உண்டு. ஆடிக்கொண்டிருந்த ஒரு முகமூடி, வயதும் மதிப்பும் கூடக்கூட, வழக்குத் தீர்க்கும் பெரிய கேவாக உயரலாம். மரம் அதேதான், வேலை மாறிவிடுகிறது. ஆகவே முகமூடியைச் சேகரித்தவர் அது என்ன செய்தது என்று அந்த ஊரில் கேட்டு எழுதி வைத்திருந்தால் மட்டுமே பெயர்ச்சீட்டை நம்புங்கள். டான் கலையை ஆராய்ந்த ஹான்ஸ் ஹிம்மெல்ஹெபர், எபர்ஹார்ட் ஃபிஷர் இருவரும் அப்படிக் கேட்டு எழுதியவர்கள். அவர்கள் குறிப்புகளுக்கு இன்றும் மதிப்பு இருப்பது அதனால்தான்.

கேள்வி: உள்ளங்கை அளவே உள்ள டான் முகமூடி ஒன்றைப் பார்த்தேன். குழந்தைகளுக்கானதா? (நாகர்கோவில் வாசகர்)

பதில்: இல்லை, அது முகத்தில் அணிவதே அல்ல. 'மா கோ' என்பார்கள், சிறிய தலை என்று பொருள். பெரிய முகமூடியின் காவல் கூடவே இருக்கட்டும் என்று உரியவர் எடுத்துச் செல்வது. அதற்கு எண்ணெய் பூசுவார்கள், உணவு படைப்பார்கள். அதனால்தான் பழையவற்றில் மேற்பரப்பு தடித்துப் பிசுபிசுப்பாக இருக்கும். 'பாஸ்போர்ட் முகமூடி' என்பது வெளிநாட்டுச் சேகரிப்பாளர்கள் வைத்த பெயர். அந்தப் பிசுக்கை அழுக்கு என்று நினைத்துக் கழுவிவிடாதீர்கள். அந்தப் பொருளின் வரலாறே அதில்தான் இருக்கிறது.

கேள்வி: எப்படிச் செதுக்குகிறார்கள்? நான் முயன்ற மர முகங்கள் நெற்றியிலிருந்து தாடை வரை பிளந்துவிடுகின்றன. (கும்பகோணம் வாசகர், தச்சர்)

பதில்: அவர்கள் பச்சை மரத்தில் தொடங்குகிறார்கள். உலர்ந்த கட்டையைவிட வாச்சிக்கு அது எளிதில் இணங்கும். முகத்தின் வெளிவடிவத்தை வாச்சியால் வெட்டி, உட்புறத்தைக் குடைந்து, பிறகு கத்தியால் கண், உதடு, மூக்கை எடுப்பார்கள். மேற்கு ஆப்பிரிக்கச் செதுக்குநர்கள் மெருகுக்கு உப்புத்தாள் போலச் சொரசொரக்கும் ஓர் அத்தி இலையால் தேய்ப்பது வழக்கம். அந்த மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் வளர்கிறது. விளிம்பில் உடையைத் தைக்கச் சுற்றிலும் துளைகள் வேண்டும். அவற்றைப் பழுக்கக் காய்ச்சிய இரும்புக் கம்பியால் சுடுவார்கள். கடைசியில் இலைச் சாயமோ சேறோ ஏற்றிக் கருமையாக்கி எண்ணெய் தேய்ப்பார்கள்.

உங்கள் முகங்கள் பிளப்பதற்குப் பெரும்பாலும் மூன்று காரணங்கள். ஒன்று, மரத்தின் நடுத்தண்டு உள்ளே மாட்டியிருக்கும். மரம் சுருங்கும்போது வளையங்களை ஒட்டிய திசையில் அதிகமாகவும், நடுவிலிருந்து வெளியே போகும் திசையில் குறைவாகவும் சுருங்கும். தண்டு உள்ளே இருந்தால் இந்த வேறுபாடு தணிய வழியில்லை, பிளந்துதான் ஆகும். கட்டையை நெடுக்காகப் பிளந்து, தண்டை நீக்கிய பாதியில் செதுக்குங்கள். இரண்டு, கனம் சீராக இல்லை. நெற்றி 4 செ.மீ., கன்னம் 1 செ.மீ. என்று விட்டால் மெல்லிய பகுதி முதலில் காய்ந்து தடித்த பகுதியை இழுக்கும். பின்புறத்தைக் குடையாமல் இரவு முழுக்க விட்டுவிடுவதும் இதே தவறு. மூன்று, அவசரமாக வெயிலில் காயவைப்பது. ஒவ்வொரு நாள் வேலை முடிந்ததும் ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். செதுக்கி முடித்தபின் மரத்தூளுக்குள் புதைத்து நிழலில் சில வாரம் விடுங்கள். தூளில் பூஞ்சை வந்தால் மாற்றுங்கள். குறுக்குவெட்டு முனைகளில், அதாவது உச்சியிலும் தாடையிலும், மெழுகு தடவினால் ஈரம் அங்கிருந்து வேகமாக வெளியேறாது.

கேள்வி: கடையில் வாங்கிய முகமூடி உண்மையில் ஆடியதா என்று எப்படி அறிவது? (சென்னை வாசகர்)

பதில்: முகத்தைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பாருங்கள். நெற்றி, மூக்குத்தண்டு, கன்னம் படும் இடங்களில் மட்டும் வியர்வையும் தோலும் உரசி வழவழப்பு ஏறியிருக்க வேண்டும். பின்பக்கம் முழுதும் ஒரே கருமையாக இருந்தால் அது பூசிய சாயமாக இருக்க வாய்ப்பு அதிகம். விளிம்புத் துளைகளில் கயிறு இழுத்த திசையில் மட்டும் தேய்மானம் தெரியும்; நூல் பிடித்தது போல் நேரான, கருகாத துளை என்றால் துளைப்பான் வேலை. புகை, சேறு, பாலிஷ் கொண்டு பழமையை வரவழைப்பது பழைய வித்தை. ஈரப் பஞ்சை விளிம்பின் மறைவான ஓரத்தில் ஒற்றிப் பாருங்கள், நிறம் தாராளமாக ஏறினால் சந்தேகப்படுங்கள்.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உளுத்துப் போன முகத்துக்குப் பதிலாக அதே கேவுக்குப் புது முகம் செதுக்குவது டான் வழக்கம். புதியது என்பதால் அது போலி ஆகிவிடாது.

கேள்வி: வீட்டில் உள்ள ஆப்பிரிக்க முகமூடியிலிருந்து மாவு போல் கொட்டுகிறது. வேப்பெண்ணெய் தடவலாமா? (தூத்துக்குடி வாசகி)

பதில்: எண்ணெய் எதுவும் வேண்டாம். மேற்பரப்பு கறுக்கும், தூசி ஒட்டும், உள்ளே மரத்தை அரிக்கும் வண்டின் புழுவுக்கு ஒன்றும் ஆகாது. முதலில் அதை மற்ற மரச் சாமான்களிடமிருந்து பிரித்து ஒரு கறுப்புத் தாளின்மேல் ஒரு மாதம் வையுங்கள். புது மாவு விழுந்தால் வண்டு உயிரோடு இருக்கிறது. விழாவிட்டால் பழைய துளையில் தங்கியதுதான் உதிர்ந்திருக்கிறது.

உயிரோடு இருந்தால் பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, ஒட்டுநாடாவால் இறுக்கி, மைனஸ் 18 டிகிரி காட்டும் உறைபெட்டியில் இரண்டு வாரம் விடுங்கள். வெளியே எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். 24 மணி நேரம் அப்படியே இருக்கட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த மரத்தில் நீர் கோத்துச் சாயம் கலையும். தடித்த வண்ணப்பூச்சோ உதிரும் பிசினோ உள்ளவற்றை உறையவைக்காமல் மரப் பாதுகாப்பு தெரிந்தவரிடம் காட்டுங்கள். பிறகு மாட்டும்போது, கடல்காற்றில் ஈரம் ஏறும் வெளிச்சுவரைத் தவிர்த்து உட்சுவரில், நெற்றியின் உட்புறத்தைத் தாங்கும் கொக்கியில் மாட்டுங்கள். விளிம்புத் துளையில் கம்பி கோத்துத் தொங்கவிட்டால் முதலில் உடைவது அந்தத் துளைதான்.