4-20 மில்லியாம்ப் லெவல் சென்சாரை பிஎல்சி-யில் (மெஷினைக் கட்டுப்படுத்தும் தொழில்துறைக் கணினி) மேப் செய்வது எப்படி? தொட்டி காலியாக இருந்தும் 20 சதவீதம் காட்டுகிறதே?

காலித் தொட்டி 20 சதவீதம் காட்டினால், சென்சார் 4-20 தர, இன்புட் சேனல் 0-20 என்று செட் ஆகியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். சீமென்ஸ் எஸ்7-1200-இல் 0-20 வரம்பு போட்டால் 4 மில்லியாம்ப், பிஎல்சி-க்குள் 5530 என்ற எண்ணாக வரும். முழு அளவு 27648, அதில் ஐந்தில் ஒரு பங்கு. புரோகிராமில் 20-ஐக் கழித்துச் சரிக்கட்ட வேண்டாம்; தொட்டி நிரம்பியதும் 80 என்று நிற்கும். டிஐஏ போர்ட்டலில் (சீமென்ஸின் புரோகிராமிங் மென்பொருள்) சேனலை 4-20 ஆக்கி ஹார்டுவேர் டவுன்லோடு செய்யுங்கள். அப்போது சிபியு (பிஎல்சி-யின் மூளைப் பகுதி) ஸ்டாப்புக்குப் போகும், புரொடக்‌ஷனிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

சிபியு-விலேயே இருக்கும் இரண்டு அனலாக் இன்புட்டும் 0-10 வோல்ட்டுக்கு மட்டும்தான். அதில் 500 ஓம் ரெசிஸ்டர் போட்டு இணைத்திருந்தாலும் இதே 20 சதவீதம் வரும். அந்த நிலையில் கீழே சொல்லும் நார்ம் எக்ஸ்-இன் கீழ் எல்லையை 5530 என்று கொடுக்க வேண்டும். எஸ்எம் 1231 என்ற தனி அனலாக் இன்புட் மாட்யூல் வாங்கிப் போடுவதே என் சிபாரிசு.

இரண்டு வயர் சென்சார் என்றால் 24 வோல்ட் பிளஸ் சென்சாரின் பிளஸுக்கு, சென்சாரின் மைனஸ் சேனலின் பிளஸுக்கு, சேனலின் மைனஸ் 0 வோல்ட்டுக்கு. மல்ட்டிமீட்டரைத் தொடராக வைத்து கரண்ட்டைப் பாருங்கள். 12 மில்லியாம்ப்புக்கு 13824 வந்தால் வயரிங், சேனல் இரண்டும் சரி. அது வராமல் புரோகிராமில் கை வைக்காதீர்கள்.

பிறகு நார்ம் எக்ஸ் (ரா எண்ணை 0.0-1.0 ஆக்கும் கட்டளை): மின் 0, மேக்ஸ் 27648, அவுட்புட் கட்டாயம் ரியல் (பின்ன எண்). இன்ட் (முழு எண்) டேக்கை அது ஏற்காது. அடுத்து ஸ்கேல் எக்ஸ் (அதை மீட்டராக மாற்றும் கட்டளை): 6 மீட்டர் தொட்டிக்கு 0.0, 6.0. 13824-க்கு 3.0 மீட்டர் வரும்.

பலரும் விட்டுவிடுவது ஃபால்ட்தான், எனக்கு அதுதான் முக்கியம். வயர் அறுந்தால், டயக்னாஸ்டிக்ஸ் செட்டிங்கைப் பொறுத்து 32767 அல்லது -32768 வரும். இரண்டாவதை "தொட்டி காலி" என்று எடுத்துக்கொண்டு ஃபில்லிங் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கும், தொட்டி வழியும். நாமூர் என்இ 43 என்ற சென்சார் சிக்னல் பரிந்துரையின் கணக்கில் 3.6 மில்லியாம்ப்புக்குக் கீழும் 21-க்கு மேலும் ஃபால்ட். அதாவது 4-20 சேனலில் -691-க்குக் கீழ், 29376-க்கு மேல். ஸ்கேல் செய்வதற்கு முன்பே ரா மதிப்பை இந்த எல்லைகளோடு ஒப்பிட்டு, ஃபால்ட் பிட் வைத்து பம்ப்பை நிறுத்துங்கள். ஓரிரு வினாடி டிலே போதும்.

அளவு ஆடினால் நாய்ஸ் ஃபில்டர் 50 ஹெர்ட்ஸா என்று பாருங்கள். சிங்கப்பூர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், 60-க்கு செட் செய்து வந்த மெஷின்களில் இது தப்பிப்போகும். கேபிளின் ஷீல்டை பேனல் பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், இன்வெர்ட்டர் (மோட்டார் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டிரைவ்) மோட்டார் கேபிளோடு ஒரே டிரேயில் இழுக்காதீர்கள். துவாஸ், ஜூரோங் பக்கம் வெட்டவெளியில் இருக்கும் தொட்டிகளில் மழைக்குப் பிறகு மட்டும் அளவு கூடினால் ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பாருங்கள். டெர்மினல்களுக்கு இடையே ஈரம் இருந்தால் கரண்ட் சென்சாரைச் சுற்றிக் கசிந்து கூடுதலாகக் காட்டும். உலர்த்திவிட்டு கேபிள் கிளாண்டையும் மாற்றுங்கள்.