சேலை கொடுத்த பிறகு

அன்புள்ள ஐயா,

ஸ்தோத்திரம். எங்கள் சபை வாலிபர் ஐக்கியம் கிறிஸ்துமஸ்தோறும் ஏழைகளுக்குச் சேலையும் அரிசியும் கொடுக்கிறது. வேதாகமத்தில் மீகா 6:8 இரக்கத்தோடு நியாயத்தையும் கேட்கிறதே, அதற்கு ஒரு சின்னச் சபை என்ன செய்ய முடியும்? போராட்டம் என்றாலே பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.

ஒரு வாசகி, பாளையங்கோட்டை

அன்புள்ள சகோதரிக்கு,

சேலை கொடுப்பதை நிறுத்த வேண்டாம். ஆனால் வரிசையில் நிற்பது யார் என்று பாருங்கள். பலர் நம் வீடுகளிலேயே பாத்திரம் தேய்க்கிறவர்கள். காய்ச்சலில் நான்கு நாள் வரவில்லை என்று சம்பளத்தைப் பிடித்துக்கொண்ட வீட்டுக்காரம்மாவே, அந்தப் பெண்ணுக்கு மேடையில் சேலை கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன். கூலியைப் பொழுது போகுமுன் கொடுக்கச் சொல்கிறது உபாகமம். பிடித்துவைத்த கூலி கூக்குரலிடுகிறது என்கிறது யாக்கோபு நிருபம். ஆகவே முதலில் நம் வீட்டுக் கணக்கைச் சரி செய்வோம்: வாரம் ஒரு நாள் லீவு, காய்ச்சல் என்றால் சம்பளத்தோடு லீவு, கிறிஸ்துமஸுக்கு ஒரு மாதப் போனஸ். அப்படியே, மணி அடித்து ஆலயம் பெருக்கும் கோயில்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று கமிட்டியில் கேளுங்கள். சங்கடமாகத்தான் இருக்கும், இருந்தாலும் கேளுங்கள்.

அப்புறம், வீட்டுவேலை செய்கிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் 2007 முதல் தனி நல வாரியம் இருக்கிறது. கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் உண்டு. 18 முதல் 60 வயது வரை பதியலாம்; பிள்ளைகளுக்குக் கல்வி உதவி, மகப்பேறு உதவி, 60க்குப் பிறகு ஓய்வூதியம் எல்லாம் கிடைக்கும். ஆன்லைனில் பதிய வேண்டும் என்பதாலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். உங்கள் பிள்ளைகளிடம்தான் லேப்டாப் இருக்கிறதே! ஆராதனை முடிந்ததும் வராந்தாவில் ஒரு மேசை போடுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக்கோடு வரச் சொல்லுங்கள். வேலைச் சான்று வாங்க அலைவதற்கு ஒருவர் கூடப் போகட்டும். எந்த மதத்தவர் வந்தாலும் அதே மேசைதான்.

கணவனிடம் அடி வாங்குகிற பெண் வந்தால், ஜெபித்து அனுப்பிவிடாதீர்கள். மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் கிடைப்பார். 15100க்குப் போன் செய்யலாம். யாராவது ஒரு அக்கா கூடப் போய் உட்கார வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாக, கஷ்டமான ஒன்று. உங்கள் கல்லறைத் தோட்டத்தில் சாதிக்கொரு பக்கம் இருக்கிறதா? இருந்தால் பெரியவர்கள் போராட்டத்தைவிட இந்தப் பேச்சுக்குத்தான் அதிகம் பயப்படுவார்கள். ஒரே தோட்டம், வரிசைப்படி அடக்கம் என்று எழுதி, பத்துப் பேர் கையெழுத்தோடு கமிட்டியில் கொடுங்கள். தள்ளிப்போட்டால், தள்ளிப்போட்டதை மினிட்ஸில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த கூட்டத்திலும் கொடுங்கள்.